ஹார்வுட் ஆலை ஆய்வு

நிறுவன மேம்பாட்டுத் துறைக்கு அடித்தளமிட்ட களச் சோதனைகளுள் ஒன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மேரியன் ஊரிலிருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் ஆகியோர் நடத்திய இவ்வாய்வு 1948-இல் வெளியானது. அங்கு வேலைமுறை மாறும்போதெல்லாம் உற்பத்தி சரிந்தது. பலர் வேலையை விட்டு விலகினர். எனவே நான்கு குழுக்களில் மாற்றம் வெவ்வேறு விதமாகப் புகுத்தப்பட்டது. அறிவிப்பு மட்டுமே பெற்ற குழுவில் உற்பத்தி மீளவில்லை. 40 நாள்களில் 17 விழுக்காட்டினர் விலகினர். பிரதிநிதிகள் வழியே பங்கேற்ற குழு இரு வாரங்களில் தேறியது. அனைவரும் கலந்து திட்டமிட்ட இரு குழுக்கள் இன்னும் விரைவாக மீண்டு, பழைய உற்பத்தி அளவையும் கடந்தன. உளவியலாளர் கர்ட் லெவினின் குழு இயக்கவியல் கருத்துகளை ஒட்டிய இவ்வாய்வு, பணியிட மாற்றத்தில் தொழிலாளரின் பங்கேற்பு இன்றியமையாதது என்பதை உணர்த்தியது.