மலைநாட்டு அடுக்களையில் பிறநாட்டுச் சுவடுகள்

வரலாற்றை அரண்மனைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் வழக்கம். அடுக்களையும் ஓர் ஆவணமே என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் பொறுத்தவரை இவ்வாவணம் வியப்பான செய்தியொன்றைக் கூறுகின்றது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயராலோ, அவர்க்குப்பின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தராலோ கண்டி இராச்சியத்தை நிலையாகக் கைக்கொள்ள முடியவில்லை. 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும், அன்னியப் படைகள் நிலைகொள்ள முடியாத மலைகளில் அன்னிய விதைகள் வேரூன்றிவிட்டன.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், சோற்றையே இம்மக்களின் தலையாய உணவாகக் குறிப்பிடுகின்றார். அச்சோற்றுக்குக் காரம் தந்தது தொன்றுதொட்டு மிளகே. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாயைப் போர்த்துக்கேயர் இப்பகுதிக்குக் கொணர்ந்தபோது, நம்மவர் மிளகின் பெயரையே அதற்குச் சூட்டினர். சிங்களத்திலோ மிளகைக் குறித்த ‘மிரிஸ்’ என்னும் சொல்லைப் புதியது பறித்துக்கொள்ள, பழைய மிளகு ‘கம்மிரிஸ்’, அதாவது ஊர் மிளகு, ஆயிற்று. மலையகத்தார் வழங்கும் ‘கொச்சிக்காய்’ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. பாண், கோவா என்பன போர்த்துக்கேயச் சொற்கள்; போஞ்சி ஒல்லாந்தச் சொல். இவற்றை உண்ணுமாறு எவரும் ஆணையிடவில்லை. நாவுக்கு இசைந்தவற்றை மக்கள் தாமே ஏற்றுத் தமதாக்கிக் கொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றமோ வேறு வகையினது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து காடுகளினூடே மாத்தளை வரை நடந்தனர். கேழ்வரகும் கம்பும் உண்டு பழகிய பலருக்குத் தோட்டம் இறக்குமதி அரிசியை அளந்து கொடுத்தது. அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிய, 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை மலைகளை மூடியது. சீனத்துப் பானமொன்று தொழிலாளரின் காலைப் பசிக்கு மருந்தாயிற்று.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதனை ஈடுசெய்யக் கோதுமை மா பங்கிடப்பட்டது. பின்னர் பொதுச்சட்டம் 480இன் கீழ் அமெரிக்க மாவும் வந்து சேர்ந்தது. கோதுமை விளையாத மலைகளில் ரொட்டி அன்றாட உணவானது இவ்வாறே. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீடு குறைந்து விலைகள் ஏறியபோது தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. அங்கு இறப்பு வீதமும் உயர்ந்தது. தாம் விளைவிக்காத உணவை நம்பி வாழுமாறு ஆக்கப்பட்ட மக்களின் நிலை அது.

ஆகவே, பிறநாட்டுத் தாக்கம் என்னும் ஒரே பெயரால் இவ்விரண்டையும் அழைத்தல் பொருந்தாது. மிளகாய் விருந்தாளியாக வந்தது. கோதுமை மா பங்கீட்டுச் சீட்டுடன் வந்தது. எனினும் அந்த மாவிலும் தேங்காய்ப்பூவைக் கலந்து, தடித்த ரொட்டியாகத் தட்டி, கொச்சிக்காய்ச் சம்பலுடன் தமக்கேயுரிய சுவையொன்றை மலையகப் பெண்கள் படைத்தனர். ‘எங்கிருந்து வந்தது?’ என்பதோடு உணவு வரலாறு நின்றுவிடலாகாது. ‘யார் விருப்பால் வந்தது?’ என்றும் அது வினவுதல் வேண்டும்.