பார்க்க முடியாத படங்கள்

அலென் ரெனே எடுத்து 1956இல் வெளிவந்த 'இரவும் மூடுபனியும்' என்ற பிரெஞ்சு ஆவணப்படம் மொத்தம் 32 நிமிடம்தான். அதைப் பார்த்து முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் பத்தே நிமிடத்தில் நிறுத்திவிட்டு மொட்டை மாடியில் போய் நின்றேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. "எங்கேயோ எப்பவோ நடந்ததைப் பார்த்துட்டு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் படம் உருவான கதையைப் படித்த பிறகு என் வெட்கம் கொஞ்சம் குறைந்தது. நாஜி வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் ஆனதையொட்டி ரெனேயை இந்தப் படம் எடுக்கக் கேட்டார்கள். அங்கே இருந்திராத எனக்கு இதைப் பேச என்ன உரிமை என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். முகாமிலிருந்து மீண்ட ஒருவர் உரை எழுதினால்தான் செய்வேன் என்றார். அப்படி வந்தவர் கவிஞர் ழான் கேரோல். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து பிடிபட்டு, ஆஸ்திரியாவில் மௌத்தௌசன் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பியவர்.

படத்தொகுப்பு அறையில் காட்சிகளைப் பார்த்ததும் கேரோலுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. மறுபடி அந்த அறைக்குள் வர அவரால் இயலவில்லை. படத்தைப் பார்க்காமலேயே உரையை எழுதி அனுப்பினார். அது காட்சிகளோடு பொருந்தவில்லை. நண்பர் கிறிஸ் மார்க்கர் அதைப் படத்துக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்த பிறகுதான் கேரோல் திரும்பி வந்து தன் எழுத்தை முடித்துக் கொடுத்தார். அனுபவித்தவரே எழுந்து போயிருக்கிறார். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனதற்கு நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

இரண்டாம் நாள் முதல் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். இரவில் பார்ப்பதில்லை, காலை வெளிச்சத்தில்தான். முடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஒரு நடை. படத்திலேயே ஒரு வசதி இருக்கிறது. பழைய கோரங்கள் கறுப்பு வெள்ளையில் வரும். நடுநடுவே அதே முகாம் பத்தாண்டு கழித்து வண்ணத்தில், பச்சைப் புல்லோடு, ஆள் அரவமில்லாமல் வரும். அந்தப் புல் வரும்போதெல்லாம் மூச்சு விட்டுக்கொள்வேன்.

பிணக்குவியல்களைவிட என்னை அதிகம் உலுக்கியது ஒரு தொப்பி. பிரான்சில் பித்திவியே முகாமைக் காவல் காக்கும் ஒருவரின் தலையில் கெப்பி. நம் புதுச்சேரி போலீஸ்காரர்கள் இன்றும் சிவப்பில் போடுகிறார்களே, அந்த வகைத் தொப்பிதான். காவல் நின்றவர் ஜெர்மானியர் அல்ல, பிரெஞ்சுக்காரர். தணிக்கைக் குழு விடவில்லை. அந்தத் தொப்பி தெரியாதபடி படத்தில் ஓர் உத்தரத்தை வரைந்து மறைத்த பிறகே அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகள் அப்படியே ஓடியது.

1940 செப்டம்பரிலேயே நம் ஆளுநர் லூயி போன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்த முசேக்களிடம் படித்தவன் நான். 1942 ஜூலையில் இரண்டே நாளில் பாரிஸ் போலீசார் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தார்கள், அதில் 4,000க்கு மேல் குழந்தைகள், என்பதை எந்த முசேயும் சொன்னதில்லை. தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் பலர் இந்தப் பித்திவியேயில் இருந்தார்கள். பிறகு ஆஷ்விட்ஸ். பிரெஞ்சு அரசின் பொறுப்பை ஓர் அதிபர், ழாக் சிராக், வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1995 ஆகிவிட்டது.

அடுத்து குளோது லான்ஸ்மனின் 'ஷோவா' (1985). ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். ஒரு பிணத்தைக்கூடக் காட்டாத படம், பழைய காட்சிகளே கிடையாது, மனிதர்கள் பேசுவார்கள், அவ்வளவுதான் என்று தைரியமாக உட்கார்ந்தேன். அரைமணி அரைமணியாக வாரக்கணக்கில் ஓடியது. ரால் ஹில்பெர்க் என்ற வரலாற்றாசிரியர் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் இடம் வந்தது. திரெப்ளிங்காவுக்குப் போன ரயில்களுக்கான உத்தரவு, எண் 587. கட்டண விதியையும் விளக்குகிறார். மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட். நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. போகிறவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலர்களுக்கு மட்டும் போகவர. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்ட அதே பயண அலுவலகம்தான் இந்தக் கணக்கையும் பார்த்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் நான். எத்தனை பயணப்படி பில், எத்தனை அரை டிக்கெட் கணக்கு! விதிப்படி இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்போமே தவிர, யார் எங்கே போகிறார் என்று நாங்கள் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தைத் தயாரித்த குமாஸ்தாவும் கூட்டலைச் சரிபார்த்திருப்பான். அன்று நிறுத்தியவன் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பதினோராம் நாள் மனைவி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் யான் கார்ஸ்கி. போலந்து எதிர்ப்பு இயக்கத் தூதர். 1942இல் வார்சா யூதச் சேரிக்குள் ரகசியமாகப் போய்ப் பார்த்து, லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் செய்தி கொண்டுபோனவர். பேச ஆரம்பித்தார், குரல் உடைந்தது, நாற்காலியை விட்டு எழுந்து அறையை விட்டே போய்விட்டார்.

"என்னங்க, அவரே எழுந்து போயிட்டாரே" என்றாள்.

"வருவார், இரு" என்றேன்.

வந்தார். உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்கும் வரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.