பாரசீக – கிரேக்க உறவுகள் (கி.மு. 546–386): போரும் உடன்படிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

பாரசீகருக்கும் கிரேக்கருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் மாரத்தான், சலாமிஸ் ஆகிய போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. கி.மு. 546 முதல் 386 வரையிலான காலத்தை ஒரே தொடர்ச்சியாக நோக்கினால், போர் அவ்வுறவின் ஒரு கட்டமே என்பது புலப்படும். படையால் இழந்த ஆசியக் கரையோர நகரங்களைப் பாரசீகம் பொருளாலும் உடன்படிக்கையாலும் மீட்டுக்கொண்டது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அக்கிமெனியப் பேரரசு, அயோனியா, யவனர், டேரியஸ், ஹெரோடோட்டஸ், அரசனின் அமைதி.

முன்னுரை

இப்போர்களைப் பற்றிய தொடர்ச்சியான வரலாறு நமக்குக் கிரேக்கர் வழியாகவே கிடைக்கிறது. சலாமிஸ் போரில் வென்ற எட்டாண்டுகளுக்குள், கி.மு. 472இல், எஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகம் ஏதென்ஸில் அரங்கேறியது. அதன்பின் ஹெரோடோட்டஸ், தூசிடிடிஸ், செனபோன் ஆகியோர் எழுதினர். பாரசீக மன்னர்கள் விட்டுச்சென்றவை கல்வெட்டுகளும் நிருவாகக் களிமண் பலகைகளுமே. ஆகவே, வென்றவரின் கதையை நிருவாகச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் படிப்பது இன்றியமையாததாகிறது.

கல்வெட்டுகளில் யவுனா

ஏறத்தாழ கி.மு. 546இல் சைரஸ் லிடிய நாட்டை வென்று அதன் தலைநகர் சார்டிஸைக் கைப்பற்றினார். அதனைத் தொடர்ந்து ஆசியக் கரையிலிருந்த அயோனிய நகரங்கள் பாரசீக ஆட்சிக்குள் வந்தன. முதலாம் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு, அவர் ஆண்ட நாடுகளுள் ஒன்றாக 'யவுனா'வைக் குறிப்பிடுகிறது. 'அயோனியர்' என்னும் பெயரின் பாரசீக வடிவம் இது. வடமொழியின் 'யவன', சங்க இலக்கியத்தின் 'யவனர்' ஆகிய சொற்களும் இப்பெயரோடு உறவுடையன. எனினும் சங்க நூல்கள் சுட்டும் யவனர் இக்காலத்திற்கு மிகவும் பிற்பட்டவர்கள்.

சூசா அரண்மனைக் கல்வெட்டில் டேரியஸ், கல்தச்சர்கள் அயோனியரும் சார்டிஸ் நகரத்தாரும் எனக் குறிப்பிடுகிறார். பெர்செபோலிஸ் பலகைகளுள் பெரும்பாலானவை எலாமிய மொழியில் அமைய, ஒன்று மட்டும் கிரேக்க மொழியில் திராட்சை மதுவின் அளவைப் பதிவுசெய்கிறது. பேரரசின் பார்வையில் கிரேக்கர் முதலில் குடிகளும் கைவினைஞர்களுமே. பகைவர் என்னும் நிலை பின்னர் வந்தது.

மோதலின் தோற்றம்

ஏதென்ஸ் தானாகவே பாரசீகத்தை நாடிய நிகழ்வும் உண்டு. கி.மு. 507 அளவில் ஸ்பார்ட்டாவுக்கு அஞ்சிய ஏதென்ஸின் தூதர்கள், சார்டிஸ் ஆளுநர் அர்தபெர்னஸிடம் மண்ணும் நீரும் அளிக்க இசைந்தனர் என்கிறார் ஹெரோடோட்டஸ். பாரசீகர் இதனைப் பணிவின் அடையாளமாகவே கொண்டனர். நாடு திரும்பிய தூதர்களோ பழிக்கு ஆளாயினர். கி.மு. 499இல் அயோனியர் கிளர்ந்தெழுந்தபோது ஏதென்ஸ் 20 கப்பல்களையும் எரித்ரியா 5 கப்பல்களையும் அனுப்பின. அடுத்த ஆண்டு சார்டிஸ் தீக்கிரையானது. டேரியஸின் நோக்கில் இது வாக்குத் தவறியவர்களின் செயலாகத் தோன்றியிருத்தல் கூடும்.

கி.மு. 494இல் மிலேட்டஸ் வீழ்ந்தது. தண்டனையோடு பாரசீகம் நின்றுவிடவில்லை. நிலங்களை அளந்து வரியை வரையறுத்தது. நகரங்களுக்கிடையிலான வழக்குகளை நடுவர் வழியே தீர்க்கச் செய்தது. மக்களால் வெறுக்கப்பட்ட கொடுங்கோலர்களை மர்தோனியஸ் நீக்கினார். இச்செய்திகளைத் தருபவரும் ஹெரோடோட்டஸே என்பது கருதத்தக்கது.

ஒரே அணியில் நில்லாத கிரேக்கர்

கி.மு. 490இல் மாரத்தானிலும், 480இல் சலாமிஸிலும், 479இல் பிளாட்டேயாவிலும் மைக்கேலியிலும் பாரசீகம் தோற்றது. ஆயினும் இவற்றைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நிகழ்ந்த போராகக் கொள்வது பொருந்தாது. பிளாட்டேயாவில் தீப்ஸ் நகரத்தார் பாரசீகர் பக்கம் நின்று போரிட்டனர். சலாமிஸில் அயோனியக் கப்பல்களும் ஹாலிகர்னாசஸ் அரசி ஆர்ட்டெமிசியாவும் செர்க்சஸின் கடற்படையில் இருந்தனர். நாடிழந்த ஸ்பார்ட்டா மன்னர் தெமரட்டஸ் செர்க்சஸின் உடன் வந்தார். சலாமிஸ் வெற்றிக்கு வழிவகுத்த தெமிஸ்டோக்ளிஸே பின்னாளில் ஏதென்ஸால் துரத்தப்பட்டு, முதலாம் அர்தசெர்க்சஸிடம் அடைக்கலம் புகுந்து, மக்னீசியா நகரின் வருவாயைப் பெற்று வாழ்ந்தார்.

பொன்னும் உடன்படிக்கையும்

கி.மு. 479க்குப் பின் அயோனிய நகரங்கள் டெலோஸ் கூட்டணியில் இணைந்தன. அவற்றுள் பல ஏதென்ஸுக்குத் திறை செலுத்தின. திறை ஒழியவில்லை, அது சென்று சேரும் இடமே மாறியது. பாரசீகமும் தன் உரிமையை விட்டுவிடவில்லை. கி.மு. 412 அளவில், கிரேக்க நகரங்களிலிருந்து வராத வரி நிலுவையை அரசர் ஆளுநர் திசபெர்னஸிடம் கோரியதாகத் தூசிடிடிஸ் எழுதுகிறார்.

ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் தமக்குள் பொருத காலத்தில் பாரசீகத்திற்கு வாய்ப்புக் கிட்டியது. இளைய சைரஸ் அளித்த பொருளால் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் கடற்படையை வலுப்படுத்தினார், கி.மு. 404இல் ஏதென்ஸ் பணிந்தது. ஸ்பார்ட்டா ஆசியாவில் படை நடத்தத் தொடங்கியதும் பாரசீகத்தின் பொருள் அதன் எதிரிகளுக்குச் சென்றது. கி.மு. 394இல் நைடஸ் கடற்போரில் ஏதென்ஸின் கோனன், பாரசீக ஆளுநர் பர்னபாஸஸுடன் இணைந்து ஸ்பார்ட்டாவின் கடற்படையை முறியடித்தார். பின்னர் ஏதென்ஸின் நெடுமதில்களும் பாரசீகப் பொருளுதவியால் மீண்டும் எழுந்தன.

கி.மு. 386இல் 'அரசனின் அமைதி' உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆசியாவிலுள்ள கிரேக்க நகரங்களும் கிளாசோமினே, சைப்ரஸ் ஆகிய தீவுகளும் இரண்டாம் அர்தசெர்க்சஸுக்கு உரியன என அதில் கிரேக்கர் ஏற்றனர். மைக்கேலியில் இழந்ததை, தொண்ணூற்றுமூன்று ஆண்டுகளுக்குப்பின், கிரேக்க மண்ணில் பெரும்படை எதனையும் இறக்காமலே பாரசீகம் திரும்பப் பெற்றது.

முடிவுரை

கி.மு. 479இல் முடிக்கப்படும் வரலாறு கிரேக்க விடுதலையின் வரலாறாகிறது. 386வரை நீட்டிக்கப்படும்போது அதுவே எல்லைப்புற நகரங்களின் வரி, கடற்படை, உள்நாட்டுப் பகை ஆகியவற்றின் வரலாறாக மாறுகிறது. அயோனிய நகரங்களின் நிலையிலிருந்து நோக்கினால், 479இன் வெற்றியும் 386இன் உடன்படிக்கையும் ஒரு மேலாண்மையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற மாற்றங்களாகவே எஞ்சுகின்றன. போர்களை எழுதியவர் யார் என்பதோடு, கதை எந்த ஆண்டில் நிறுத்தப்படுகிறது என்பதையும் வினவுவது இத்துறை ஆய்வாளரின் கடமையாகும்.