ஒரு பொட்டலம் உப்பும் ஒரு பதவிநீக்கமும்

கார் மூன்று வாரம் அப்படியே நின்றிருக்கும். ஊரிலிருந்து திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “டெட் ஆயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க” என்பார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் விடமாட்டார். “அதெல்லாம் வேணாம், ஒரு நாள் பூரா ஸ்லோ சார்ஜ்ல போடுங்க, எந்திரிச்சிரும்” என்பார். இரண்டு பேர் சொல்வதும் சில நேரம் சரிதான். இந்தக் குழப்பம் பெரிதாகி, 1953-ல் அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானியின் வேலையையே பறித்தது.

கதைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் வேதியியல். கார் பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே 1859-ல் செய்துகாட்டிய அதே ஏற்பாடு. மின்சாரம் வெளியேற வெளியேற இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் செய்தால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் பேட்டரியைக் காலியாகவே பல வாரம் போட்டுவைத்தால், அந்தப் பொடி பெரிய படிகங்களாக இறுகிவிடும். இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறார்கள். குறைந்த மின்னோட்டத்தில், பொறுமையாக, நீண்ட நேரம் சார்ஜ் செய்தால் அதில் ஒரு பகுதியைக் கரைக்க முடியும். தகட்டிலிருந்து பொருள் உதிர்ந்துபோயிருந்தால், உள்சட்டம் அரித்துப்போயிருந்தால், ஒன்றும் செய்ய முடியாது. இந்த இரண்டு வகையும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மொத்தச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1912-ல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் அவஸ்தை போயிற்று. பதிலுக்கு ஒவ்வொரு கார்க்காரரும் பேட்டரியை நம்பி வாழ ஆரம்பித்தார். அது சாகும், புதுசு வாங்க வேண்டும், காசு கேட்கும். அதனால் ‘இதைப் போட்டால் பேட்டரி பிழைக்கும்’ என்று பொடிகளும் திரவங்களும் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தன. அமெரிக்க அரசின் தேசியத் தரநிலைகள் நிறுவனம் 1920-களிலிருந்தே இவற்றைச் சோதித்து, பயனில்லை என்று சொல்லிவந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் புதிய கார்கள் செய்வதே நின்றுபோனது. பழைய காரையும் பழைய பேட்டரியையும் ஒட்டுப்போட்டு ஓட்டிய தலைமுறை அது. போர் முடிந்த கையோடு, கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் ஜெஸ் ரிட்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்ற பொடியை விற்க ஆரம்பித்தார். பெரிய படிப்பு இல்லாதவர், புல்டோசர் ஓட்டியவர், உழைப்பாளி, நன்றாகப் பேசக்கூடியவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மதிப்புமிக்க வேதியியலாளர் மெர்ல் ராண்டல் அவருக்குத் துணை நின்றார். பொடியில் இருந்ததோ பெரும்பாலும் சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும். பின்னது நம்ம ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே பேதி உப்பு.

ரிட்சியை வெறும் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிட முடியவில்லை. வாங்கியவர்கள் மனதார நம்பினார்கள். “எங்க லாரி பேட்டரி பிழைச்சிடுச்சு” என்று செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பேட்டரி நிஜமாகவே பிழைத்திருந்தது. பொடியைப் போட்டபின் பேட்டரியை மெதுவாக சார்ஜ் செய்யவும் செய்தார்கள். அந்த சார்ஜே பாதி பேட்டரிகளை எழுப்பப் போதுமானது. பொடி போடாத இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, அதே அளவு சார்ஜ் செய்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எந்த லாரிக்காரர் அதைச் செய்யப்போகிறார்?

தரநிலைகள் நிறுவனம் அதைத்தான் செய்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. ரிட்சி ஏற்கவில்லை. பெரிய பேட்டரி கம்பெனிகளுக்காக அரசு சின்ன வியாபாரியை நசுக்குகிறது என்றார். செனட்டின் சிறுதொழில் கமிட்டி எம்.ஐ.டி.யிடம் தனியாகச் சோதனை கேட்டது. 1952 டிசம்பரில் வந்த அந்த அறிக்கை சில வேறுபாடுகளைப் பதிவுசெய்தது, நடைமுறைப் பயன் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் கமிட்டி தரப்பு அதை ரிட்சிக்குச் சாதகமாகவே வாசித்தது.

1953 ஜனவரியில் ஐசனோவர் ஆட்சிக்கு வந்தார். வணிகத்துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ் தொழிலதிபர். பிப்ரவரியில் தபால் துறை ரிட்சியின் பொடிக்கு மோசடித் தடை போட்டது. வீக்ஸ் தலையிட்டு அதை நிறுத்திவைக்கச் செய்தார். மார்ச்சில் நிறுவனத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். 1930-களிலிருந்து அங்கேயே வேலை பார்த்த இயற்பியலாளர் அவர். சந்தை சொல்வதை அந்த நிறுவனம் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வீக்ஸின் குற்றச்சாட்டு. வாங்கியவனுக்குத் திருப்தி, விற்றவனுக்கும் திருப்தி, நடுவில் ஆய்வகத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

விஞ்ஞானிகள் கொதித்துப்போனார்கள். நிறுவனத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் வேலையை விடத் தயாரானார்கள். அறிவியல் சங்கங்களும் பத்திரிகைகளும் கேள்வி கேட்டன. இன்றைக்கு பேட்டரிப் பொடி, நாளைக்கு மருந்தோ அணுகுண்டுத் தூசியோ என்றால், சோதனை முடிவை யார் முடிவு செய்வது? ஏப்ரலில் வீக்ஸ் இறங்கிவந்து ஆஸ்டினைத் தற்காலிகமாகத் தொடரச் சொன்னார். ஆகஸ்டில் பதவி நிரந்தரமாகத் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் தேசிய அறிவியல் கழகத்தின் குழு தன் முடிவைச் சொன்னது: நிறுவனத்தின் சோதனைகள் தரமானவை, பொடியால் பயனில்லை.

ஆனால் அதோடு ரிட்சி ஒழிந்துவிடவில்லை. ஏமாற்றும் உள்நோக்கம் நிரூபிக்கப்படாமல் தபால் துறை வழக்கு கைவிடப்பட்டது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் போட்ட வழக்கும் 1956-ல் தள்ளுபடியானது. பொடி தொடர்ந்து விற்றது. ஆஸ்டின் 1969 வரை இயக்குநராக இருந்தார்.

எனக்கு இந்தக் கதையில் அந்த லாரிக்காரர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் அவர்கள் சொன்னார்கள். பார்க்காதது ஒன்றே ஒன்று, பொடி போடாத அந்த இன்னொரு பேட்டரி. அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஒரு சமூகம் தன் வரிப்பணத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. பார்த்துச் சொன்னவரை வேலையை விட்டுத் தூக்கினால், அப்புறம் நமக்கு மிஞ்சுவது சாட்சிக் கடிதங்கள் மட்டும்தான்.

உங்கள் பேட்டரிக்கு வருவோம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 10.5-க்குக் கீழே போயிருந்தால், குறைந்த மின்னோட்டத்தில் ஒரு நாள் சார்ஜ் போடுங்கள். பிறகு வயரைக் கழற்றி, ஒரு இரவு சும்மா வைத்து, மறுபடி அளந்து பாருங்கள். நின்றால் லாபம். இறங்கிவிட்டால் மெக்கானிக் சொன்னதைக் கேளுங்கள். பிழைத்துக்கொண்டால் டீக்கடைக்காரருக்கு நன்றி சொல்லலாம், தப்பில்லை. உப்பு மட்டும் வேண்டாம்.