கழிமுகத்தில் பிறந்த ஊர்: எண்ணூரின் தொடக்க வளர்ச்சி

எண்ணூர் என்றதும் பலருக்கும் புகைபோக்கிதான் நினைவுக்கு வருகிறது. அதனாலேயே அந்த ஊரின் கதையை 1948இல் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் தோன்றியது. ஆஸ்டின் கார்களின் பாகங்களைப் பொருத்தும் அதன் தொழிற்சாலை எண்ணூரில் எழுந்தது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆயிற்று. 1959இல் எண்ணூர் ஃபவுண்டரீஸ், 1970இல் அனல்மின் நிலையம். இந்த வரிசையில் ஆண்டு எதுவும் பிழையில்லை. ஆனால் அதற்கு முன்பு அங்கே மணலும் சேறும் தவிர ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. கழிமுகத்தின் மீனும் உப்பும் முதலில் அங்கே குடிகளைக் கூட்டின. 19ஆம் நூற்றாண்டின் கால்வாய் அக்குடிகளைச் சென்னையோடு இணைத்தது. ஆலைகள் ஏற்கெனவே இருந்த ஓர் ஊரைத் தேடி வந்தன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவோர் 'எண்' என்றால் எட்டு, எட்டுக் குப்பங்கள் சேர்ந்ததே எண்ணூர் என்பர். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் எனக் குப்பங்கள் வரிசையாக இருப்பதால் விளக்கம் மனதுக்குப் பிடிக்கிறது. ஆயினும் ஒரு பெயருக்கு ஏற்ற பொருள் கிடைத்துவிட்டாலே அது வரலாறாகிவிடாது. இதன்மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. இதைவிட உறுதியான சான்று பக்கத்துப் பெயரில் இருக்கிறது. எண்ணூரைத் தன்னுள் கொண்டிருந்த வருவாய் ஊர் கத்திவாக்கம். அதன் ஈற்றில் 'வாக்கம்' எனத் திரிந்து நிற்கும் 'பாக்கம்' பழந்தமிழில் நெய்தல் நிலக் குடியிருப்பைக் குறித்த சொல். காகிதச் சான்றும் உண்டு. 1708இல் கர்நாடக நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஐந்து ஊர்கள் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். முகலாயப் பேரரசர் பருக்சியாரின் ஃபர்மானைக் (ஆணையை) காட்டி 1717இல் கம்பெனி இவ்வூர்களை உறுதிசெய்துகொண்டது. வரியும் விளைச்சலும் இல்லாத வெற்று மணல்மேட்டுக்காக எந்த வணிகக் கம்பெனியும் இத்தனை ஆண்டு மன்றாடியிருக்காது.

அந்த விளைச்சலில் தலையானது உப்பு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் மாதங்களில் கடல்நீர் உப்பங்கழிக்குள் ஏறும். கோடையில் அந்த நீரைப் பாத்திகளில் தேக்கினால் வெயில் மிச்ச வேலையைச் செய்துவிடும். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் என உப்பளங்கள் தொடர்ந்து அமைந்ததற்கு இந்த நில அமைப்பே காரணம். 1805இல் கம்பெனி சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் உப்பளம் என்பது அளத்துக்காரரும் வியாபாரியும் மட்டும் பார்த்துக்கொள்ளும் காரியமாக இல்லை. எடைபோடவும் காவல் காக்கவும் கணக்கெழுதவும் அரசாங்க ஆட்கள் வேண்டியிருந்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில், 1801இல் தொடங்கிய ஒரு கால்வாய் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை, சுமார் 11 மைல் நீளத்துக்கு வெட்டி முடிந்தது. பேசில் காக்ரேன் என்பவரின் பொறுப்பில் இருந்ததால் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் மாறியது. முதல் வெட்டு எண்ணூரோடு நின்றதைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே பழவேற்காட்டை நோக்கி உப்பங்கழி இயற்கையாகவே நீள்கிறது. தோண்டிய நீர்வழியும் தானே அமைந்த நீர்வழியும் சந்திக்கும் துறை எண்ணூர். உப்பும் சவுக்கு விறகும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இவ்வழியே படகில் நகரத்துக்குப் போயின. சென்ட்ரல் அருகே ரயில்வே சரக்கு நிலையத்துக்கு 'சால்ட் கோட்டர்ஸ்' என்ற பெயர் இன்றும் நிலைக்கிறது. 'கோட்டர்ஸ்' நம் 'கொட்டாரம்' என்ற சொல்லின் திரிபு. எண்ணூர் உப்பளங்களின் வரலாறு சென்னை நகரின் நடுவிலேயே இப்படிப் பெயராகக் கிடக்கிறது.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கம்பெனி அதிகாரிகள் எண்ணூரில் பங்களா கட்டிப் படகோட்டப் போனார்கள், ஆகவே அது அவர்களின் ஓய்விடமாகவே வளர்ந்தது என்பது ஒன்று. பங்களாக்கள் இருந்தது உண்மைதான். ஆனால் ஓய்வுக்கு வருபவர் வார இறுதியில் திரும்பிவிடுவார். மீன் பிடிப்பவரும் உப்பு வாருபவரும் படகு தள்ளுபவரும் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். பயணக் குறிப்புகளை எழுதியவர்கள் முன்னவர்கள் என்பதால் நம் கண்ணுக்கு அவர்களே பெரிதாகத் தெரிகிறார்கள். சில குப்பங்களையும் உப்பளங்களையும் ஊர் என்று அழைக்கலாமா என்பது இரண்டாவது மறுப்பு, இது கனமானது. கோபுரமும் கடைத்தெருவும் இலக்கணம் என்றால் அன்றைய எண்ணூர் தேறாது, திருவொற்றியூர்தான் தேறும். ஆனால் சிற்றூர் என்பது பெரும்பாலும் பொருள் கைமாறும் இடத்தில் உருவாவது. கடல், ஆறு, கால்வாய் என மூன்று நீர்வழிகளின் சரக்கும் ஆளும் எண்ணூரில் சந்தித்தன; 1899இல் சென்னையை விஜயவாடாவோடு இணைத்த இருப்புப்பாதையும் இதே கரையோரமாகப் போனது. அது நகரமாகவில்லை என்று சொல்லலாம்; ஊராகவில்லை என்று சொல்ல முடியாது.

ஆலைகளின் வருகையையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். ரயில், துறைமுகத்தின் அண்மை, உழைக்கப் பழகிய குடிகள், அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய நீர் ஆகிய அனைத்தும் அங்கே முன்பே இருந்தன. அதே காலத்தில்தான் பழைய அடித்தளம் பெயரவும் தொடங்கியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கொசஸ்தலையின் நீரைச் சென்னையின் குடிநீருக்காகத் தேக்கியது. முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருந்த ஆற்றோட்டம் குறைந்தது. பின்னர் அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் சேர்ந்தது. வெற்று நிலம் என்று எழுதிவிட்ட இடத்தில் கழிவைக் கொட்ட யாருக்கும் கை கூசவில்லை.

450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. முகத்துவாரக்குப்பத்தில் இன்றும் வலை உலர்கிறது. எண்ணூரின் வரலாற்றை இனி எழுதுவோர் 1948ஐ விட்டு, கத்திவாக்கம் இடம்பெற்ற 1708ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்தாவது தொடங்க வேண்டும்.