பள்ளி கேட்ட பாட்டாளிகள்

கல்வி நல்ல குடிமக்களையும் தலைவர்களையும் ஆக்குமா? தோட்ட வரலாறு விடை கூறும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கப் பணித்தது. எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு நின்றன.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர், துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவு ஒழியவேண்டும் என்றனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். ஏட்டுக் கல்வி குறைந்தோரிடம் மானவுணர்வு குறையவில்லை. அவ்வெழுச்சி படைகொண்டு அடக்கப்பட்டது.

போருக்குப்பின் நெகிரி செம்பிலானில் பி. பி. நாராயணன் தொடங்கிய சங்கப்பணி, 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாக விரிந்து நிலைத்தது.

உணர்வு எழுச்சி தரும். அதனைச் சங்கமாகவும் சட்டமாகவும் நிலைக்கச் செய்வது கல்வி. மனப்பாடத்தோடு நிற்கும் வகுப்பறை அப்பெற்றோர் கேட்ட பள்ளியன்று. ஆசிரியர்களாகிய நாம் இதனை மறத்தலாகாது.