சைக்கிளை விட்டு இறங்கு!

பனி பெய்யும் குளிர்காலம் சிரம்பானுக்கு இல்லை. ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவோன் பாதையிற் படிந்த பனிக்கட்டிக்கு அஞ்சுவான். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சைக்கிள் ஓட்டியவனோ மழைக்கும் செம்மண் சேற்றுக்கும் அஞ்சினான். மழையே நமது குளிர்காலம். ஆனால், அம்மழையைக் காட்டிலும் அவன் அதிகமாய் அஞ்சிய ஒன்று தோட்டத்துச் சாலையிலே இருந்தது. அது எதிரே வரும் துரையின் தொப்பி. அத்தொப்பியைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாய் ஒதுங்கி, அவர் கடந்து போகுமட்டும் நிற்க வேண்டும் என்பது, சட்டமாக எழுதப்படாமலே சட்டத்தினும் வலிமை பெற்றிருந்த வழக்கம்.

சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதும் ஒரு வரலாறாகுமோ என்று சிலர் நகைக்கலாம். அரசர் ஏறியதும் இறங்கியதும் வரலாறாகுமாயின், அந்த அரசர்க்கு வரி சேர உழைத்தவன் ஏறியதும் இறங்கியதும் ஏன் வரலாறாகாது? ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றை விரும்பிப் பயிரிடுவார் அப்பொழுது இல்லை. 1888-இல் ஐர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறுமகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்திற் பொருத்தினார். அதே 1888-இல் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைவராய் வந்து, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டை சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதன் பின்பு மேனாடுகளில் சைக்கிள் மோகம் பரவியது. அதனைத் தொடர்ந்து மோட்டார் வண்டியும் வந்தது. ரப்பருக்கு விலை ஏறவே, மலாய் நாட்டின் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியே, 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் துணைகொண்டு, கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நம் முன்னோரைத் திரட்டிக் கப்பலேற்றினர்.

ஆகவே, சைக்கிள் நம்மிடம் வருமுன்னரே சைக்கிளுக்காக நாம் இந்நாட்டிற்கு வந்துவிட்டோம். உலகத்தின் சக்கரங்கள் குலுங்காமல் ஓடும்படி பால் எடுத்துக் கொடுத்தவன், நெடுநாள்வரை வெறுங்காலுடன் நடந்தே போனான்.

பின்னர், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிலைமை சிறிது மாறியது. ராலே போன்ற இங்கிலாந்து வண்டிகள் கிராணிமார்க்கும் ஆசிரியர்க்கும் உரியனவாயிருக்க, ஜப்பானிலிருந்து விலை மலிந்த வண்டிகள் கடைகளுக்கு வந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்தும், கடன்பட்டும், பழைய வண்டியை வாங்கிச் செப்பனிட்டும் பால்மரம் வெட்டுவோரும் சைக்கிள் பெறலாயினர்.

அதன் பயன் மழைக்காலத்தில் நன்கு விளங்கிற்று. இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோட்டின் வழியே கிண்ணத்திற்கு வராமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். கிண்ணத்தில் விழுந்த பாலையும் மழைநீர் கெடுக்கும். மரம் வெட்டாத நாளுக்குக் கூலியும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் வீட்டு வேலைகள் மழைக்காகக் காத்திருப்பதில்லை. அரிசி வாங்க வேண்டும். ஊரிலுள்ள தாய்க்குத் தபாலாபீசில் மணியார்டர் கட்ட வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். அயல்தோட்டத்து உறவினர்க்குச் சாவுச் செய்தி சொல்ல வேண்டும். மம்பாவ், ரந்தாவ், லாபு முதலிய பக்கங்களிலிருந்து சிரம்பானுக்கு ஐந்து மைலும் பத்து மைலும் போய்வர வேண்டியவனுக்கு, சைக்கிளே கால், சைக்கிளே தோழன்.

சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையிற் போட்டுக்கொண்டு அவன் புறப்படுவான். செம்மண், மழையில் குழைந்து சக்கரத்துக்கும் அதன் மேல் தகட்டுக்கும் இடையே அப்பிக்கொள்ளும். குச்சியால் சுரண்டி எடுத்தாலன்றிச் சக்கரம் சுழலாது. நனைந்த சக்கர விளிம்பில் பிரேக்குக் கட்டை பற்றாமல் வழுக்கும். சங்கிலியில் மணல் ஏறி நறநறக்கும். அறிந்தவன் சாலை நடுவை விட்டுப் புல் முளைத்த ஓரத்திலேயே சக்கரத்தைச் செலுத்துவான். திரும்பி வருங்கால் பின்னே அரிசி மூட்டை, முன்னே உப்பும் மண்ணெண்ணெய்ப் புட்டியும். இத்தனையும் சமன்செய்து மேட்டில் மிதித்து ஏறுகின்ற வேளையிலேதான் துரை எதிரே வருவார்!

இறங்க வேண்டும். காற்சட்டை முழங்கால்வரை சேறாக, மூட்டை ஒருபுறம் சாய, நிறுத்திய வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேட்டிலே ஒருமுறை இறங்கியவன் சேற்றில் மீண்டும் ஏற முடியாது. உச்சிவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். வெள்ளைத் துரைக்கு மட்டுமா? நம்மவராயிருந்து மேசையருகே அமரும் பதவி பெற்ற உத்தியோகஸ்தருக்கும் இறங்க வேண்டும். துரையினும் துரைத்தனம் மிகுந்த அவர்களைத் தொழிலாளர் ‘கறுப்புத் துரை’ என்று வெறுத்துரைத்தனர்.

இவ்வாறு இறங்காவிடில் என்ன நேரும்? அரசாங்கப் பாதையில் ஒன்றும் நேராது. தோட்டத்துச் சாலையோ கம்பெனிச் சொத்து. சாலை கம்பெனியுடையது, குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது, பிள்ளை படிக்கும் பள்ளியும் கம்பெனியுடையது. வேலை போயிற்றென்றால் வீடும் போயிற்று. உறவினர் வந்து பார்ப்பதற்குங்கூடத் தடை இருந்த இடத்தில், இறங்க மறுப்பவன் அன்றே பெண்டு பிள்ளைகளோடு வெளியேறத் துணிந்தவனாயிருக்க வேண்டும். ஒரு சிறு வழக்கம் எதன் வலிமையால் நிலைத்தது என்பது இதனால் விளங்கும்.

இவ்வழக்கத்தை வெள்ளையர் ஒருவரே உண்டாக்கினர் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் மேற்சாதித் தெருவிலே செருப்பைக் கையில் எடுத்துச் செல், தோளிலுள்ள துண்டை இடுப்பிற் கட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ என்று தாழ்த்தப்பட்டோரைப் பணித்தவர் யார்? நம்மவரே அல்லரோ? கடல் கடந்தால் அந்தக் கட்டு அறுமென்று நம்பி வந்தவனுக்கு, இங்கே வேறொருவர் அதே கயிற்றை நீட்டினார். பழகிய கழுத்தாதலின் அதனை மாட்டுதல் துரைமார்க்கு எளிதாயிற்று.

ஆனால், எல்லாக் கழுத்தும் என்றும் வளைந்திருப்பதில்லை. 1941-ஆம் ஆண்டில், அண்டை மாநிலமாகிய சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதனை நடத்திச் சென்றோருள் முதன்மையானவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாய் நடப்பதை ஒழிக்க வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றோடு ஒரே வரிசையில், துரைமார்க்கும் உத்தியோகஸ்தர்க்கும் முன்பு சைக்கிளை விட்டு இறங்காமலே செல்ல உரிமை வேண்டும் என்பதும் வைக்கப்பட்டது.

கூலி உயர்வு கேட்பவன் வயிற்றுக்காகக் கேட்கிறான் என்பர். சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்பவன் எதற்காகக் கேட்கிறான்? இதனால் அவனுக்கு ஒரு காசும் கூடுவதில்லை. தான் மனிதன் என்பதற்காக மட்டுமே அவன் கேட்கிறான். கூலியும் மானமும் வெவ்வேறல்ல என்பதைப் பேரறிஞர் நூல் எழுதி விளக்குமுன், எழுத்தறியாத் தொழிலாளர் ஒரு கோரிக்கைத் தாளில் விளக்கிவிட்டனர்.

அரசாங்கத்தின் மறுமொழி என்ன? மே மாதம் 5-ஆம் தேதி நாதன் சிறைப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மே 16-இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டுப் பட்டாளம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். பலர் சிறை புகுந்தனர். பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இறங்கு என்ற ஆணை வென்றதாகவே தோன்றியது.

அந்த வெற்றி எத்தனை நாள்? அதே 1941-இல், டிசம்பர் 8-ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழையின் நடுவே, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அவர்களுடைய காலாட்படை சைக்கிள் ஏறித் தெற்கு நோக்கி விரைந்தது. மழையிலும் வழுக்கும் சாலையிலும், பாலம் உடைந்த இடத்தில் வண்டியைத் தோளிலே தூக்கி ஆற்றைக் கடந்தும் அவர்கள் வந்தனர். டயர் வெடித்தபொழுது வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினர். இந்நாட்டுக் கடைகளிலே விற்ற மலிவான ஜப்பானிய வண்டிகளே, பழுது பார்க்கும் உறுப்புகளையும் அவர்களுக்கு ஆங்காங்கே அளித்தன. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்துச் சிரம்பான் வீழ்ந்தது. ஜனவரி 14-இல் நெகிரி செம்பிலானின் எல்லைப்புறமாகிய கிம்மாஸ் அருகில், கெமென்சே பாலத்தில், ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து, சைக்கிளில் வந்த சேனை பாலத்தில் ஏறியதும் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அப்பேரிழப்பும் அச்சேனையை நெடிது தடுக்கவில்லை. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. தொழிலாளியைச் சைக்கிளிலிருந்து இறக்கிய ஆதிக்கம், ஒன்பது மாதத்திற்குள் சைக்கிளின் முன்னே தான் இறங்கிற்று!

இதைக் கண்டு மகிழ்ந்தவர் உண்டு. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காவல் நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்கு எல்லோரும் தலைவணங்க வேண்டுமென்பது புதிய கட்டளை. சைக்கிளில் வந்தவன் இறங்கி வணங்க வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை விழும். தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினர். அப்பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். எஜமானன் மாறினால் போதும், அடிமைத்தனம் தானே ஒழியும் என்று எண்ணுவோர்க்கு இது மறக்கத்தகாத பாடம்.

போருக்குப்பின் 1948-இல் மீண்டும் நெருக்கடி நிலை வந்தது. தோட்ட வாயிலில் சைக்கிள் மீண்டும் நிறுத்தப்பட்டது; காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாதவாறு பையையும் வண்டியையும் சோதித்தனர். ஆயினும் காலம் மாறியிருந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர்கள் தேசிய அளவில் ஒரே சங்கமாய்த் திரண்டனர். 1957-இல் நாடு விடுதலை பெற்றது. துரையைக் கண்டு இறங்கும் வழக்கம் ஆரவாரமின்றி மறைந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ரப்பர் மரம் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. சிரம்பானைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் பல இன்று குடியிருப்பு நகரங்களாகிவிட்டன.

சாலை தார் பூசப்பெற்றது, சேறு போயிற்று, சைக்கிளும் அநேகமாய்ப் போயிற்று. இறங்கும் வழக்கம் முற்றும் போயிற்றா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி. பணத்தின் முன்பும் பதவியின் முன்பும் காரணமின்றிக் கூனி நிற்பவன், சைக்கிள் இல்லாமலே இறங்கி நிற்பவன் ஆவான். தன் வீட்டு வேலையாளைத் தன் முன் அமரவிடாதவன், தொப்பி இல்லாமலே துரை ஆவான். வணக்கம் என்பது ஒருவர்க்கொருவர் மனமுவந்து செலுத்துவது. ஒருவன் சேற்றில் நிற்க மற்றொருவன் கடந்து போவது வணக்கமாகாது.

1941-இல் அந்தக் கோரிக்கையை வைத்தோரில் பெரும்பாலோருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்களுக்குச் சிலையும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அவர்கள் வைத்துப் போன சொத்து, யாரைக் கண்டும் இறங்காமல் தன் வழியே நேராகச் செல்லும் உரிமையாகும். அதனைப் பேணுதலும், பிறர்க்கு அதனை மறுக்காதிருத்தலும் நம் கடமை.